சண்முகவடிவு கேட்ட வெறுஞ்சுவர்

ஆவுடையப்பன் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவர். அவர் எடுத்த படங்களை ஒன்றையடுத்து ஒன்றாகப் பரப்பினால் தென்காசியில் தொடங்கி நிலாவைத் தொட்டுவிட்டு, திரும்பி வரும் வழியில் குற்றாலத்தில் ஒரு குளியலும் போட்டுவிட்டு வரலாம். இது அவரே போட்ட கணக்கு. சரிபார்க்க யாரும் துணியவில்லை.

பணிக்காலம் முழுக்க அவர் வாயிலிருந்து வந்தவை இவ்வளவுதான்: "அசையாதீங்க. மூச்சைப் பிடிங்க. விடுங்க." தாலி கட்டும்போதும் மணப்பெண்ணிடம் "அசையாதீங்க" என்றுதான் சொன்னார் என்று அவர் மனைவி உலகம்மாள் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை என்று ஆவுடையப்பனும் மறுத்ததில்லை.

பெங்களூரில் இருக்கும் மகள், அப்பா சும்மா இருந்தால் அம்மாவின் உயிரை எடுப்பார் என்று பயந்து, ஒரு சுவர்க்கேமரா வாங்கி அனுப்பினாள். பார்ப்பதற்கு மூன்று கால் முளைத்த குக்கர் மாதிரி இருந்தது. உலகம்மாள் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதுல என்னத்த எடுப்பீங்க?"

"சுவரை."

"சுவரை எதுக்கு எடுக்கணும்? அது எங்க ஓடப்போவுது?"

"கேளுட்டி. வெயில் பட்டா ஜன்னல்சீலை வெளுக்குதுல்லா, அந்த மாதிரி சுவரும் வெளுக்கும். நடுவுல ஒருத்தன் தினமும் ஒரே இடத்துல உக்காந்திருந்தான்னு வையி. அவன் மறைச்ச இடம் மட்டும் வெளுக்காது. நம்ம கண்ணுக்கு அது தெரியாது. இந்தக் கண்ணுக்குத் தெரியும். காலை வெயிலு, மத்தியான வெயிலுன்னு ஒவ்வொரு பக்கமா விழுந்த நிழலையெல்லாம் ஒண்ணா ஒட்டி, ஆளையே உருட்டி நிப்பாட்டிரும். மேல எத்தனை தடவை வெள்ளையடிச்சிருந்தாலும் அடியில கிடக்கதத் தோண்டி எடுத்துரும்."

"ஒருநாள் வந்து உக்காந்துட்டுப் போனா?"

"விழாது. வருசக்கணக்கா உக்காரணும். நடமாடிக்கிட்டே இருந்தா சுத்தமா விழாது."

"அப்ப நீங்க நல்லா விழுவீங்க."

விழுந்தார். கூடத்துச் சுவரைப் படம் பிடித்தபோது, சாய்வு நாற்காலி, வயிறு, விரித்த செய்தித்தாள் எல்லாம் அச்சாக விழுந்தன. காதுக்குள் இருந்த முடியைக்கூட எண்ணிவிடலாம். உலகம்மாள் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தெருவில் இரண்டு பேர் விக்கலெடுத்துத் தண்ணீர் குடித்தார்கள்.

"அடுப்படியையும் ஒரு படம் எடுங்க. நான் எப்படி விழுதேன்னு பாப்போம்."

"பொறவு பாப்போம்" என்றார் ஆவுடையப்பன். அவருக்கு அவசரம். ஊரிலிருந்த பாழடைந்த கட்டடங்களெல்லாம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

அப்போது எல்லா ஊரிலும் இந்தப் பைத்தியம் பரவியிருந்தது. தென்காசியில் ஓய்வூதியர் நிழற்பட மன்றம் என்று ஒன்று முளைத்தது. பணி ஓய்வு பெற்ற டாக்டர், போலீஸ் அதிகாரி, வங்கி மேலாளர் என்று பெரிய மனிதர்கள் உறுப்பினர்கள். தலைவர் ஞானதுரை, கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். எந்தப் படத்தையும் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வேன் பிடித்துக்கொண்டு மூடிய தியேட்டர், மூடிய பள்ளிக்கூடம், மூடிய ஆலை என்று அலைவார்கள். ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் அறையில், ஒரே நாற்காலியில் வரிசையாக வேலை பார்த்தவர்கள் எல்லாரும் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்தபடி விழுந்தார்கள். தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா கொட்டாவி விட்ட வாயோடு விழுந்தார். எத்தனை வருடம் விட்ட கொட்டாவியோ, வாய்க்குள் ஒரு மாட்டுவண்டி போய்த் திரும்பலாம்.

ஊருக்கு வெளியே ஒரு நூற்பாலை இருந்தது. நூற்றுக்கணக்கான பெண்கள் எந்திரங்களுக்கிடையே நடந்து நடந்து நூல் இழுத்த இடம். படத்தில் மூலையில் உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளர் மட்டும் வெற்றிலைச் செல்லத்தோடு விழுந்தார். பெண்கள் ஒருவர்கூட விழவில்லை. ஞானதுரை அதற்கு "ஆளில்லா ஆலை" என்று பெயர் வைத்தார். அந்தப் பெண்கள் சம்பள நிலுவைக்காகப் போட்டிருந்த வழக்கில், ஆலைக்காரர் பக்கத்து வக்கீல் அதே படத்தை எடுத்து நீட்டி, இவர்கள் யாரும் இங்கே வேலை செய்ததற்கு அடையாளம் இல்லை என்றார். அதைக் கேள்விப்பட்டபோது மன்றத்தில் ஒரு பெருமைதான் உண்டாயிற்று. தங்கள் படம் கோர்ட் ஏறிவிட்டதே.

பிறகு அருட்சுனைக்குப் போனார்கள்.

அருட்சுனை என்பது மலையடிவாரத்தில் ஒரு மனநலக் காப்பகம். தனியார் நடத்தியது, மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. சுற்றிலும் தென்னந்தோப்பு. நீளமான கூடங்கள், ஓடு சரிந்த கூரை, ஜன்னல்களில் கம்பி மட்டும் மிச்சம். அங்கே ஆவுடையப்பன் எடுத்த ஒரு படத்துக்கு அந்த ஆண்டு மன்றத்தின் கூர்மை விருது கிடைத்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு மனிதன். இடுப்புக்கு மேலே வெறும் புகை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கலங்கல். ஆனால் வலது கணுக்கால் மட்டும் கல்லில் செதுக்கியது போல் நின்றது. நரம்பு தெரிந்தது, நகம் தெரிந்தது.

"என் வாழ்நாள்ல இப்படி ஒரு கூர்மையப் பாத்ததில்ல" என்றார் ஞானதுரை, பூதக்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கண் தேங்காய் அளவுக்குப் பெரிதாகத் தெரிய. படத்துக்கு "தவம்" என்று தலைப்பு வைத்ததும் அவர்தான். டாக்டர் கைதட்டினார், போலீஸ் அதிகாரி கைதட்டினார், எல்லாரும் தட்டினார்கள். மேலெல்லாம் கலங்கியிருக்கக் கால் மட்டும் ஏன் தெளிந்திருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. படம் என்றால் கூர்மை. கூர்மை இருந்தால் நல்ல படம். அவ்வளவுதான் அவர்கள் சட்டம்.

கேட்டது சண்முகவடிவு.

நகராட்சிக் கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைத்திருந்தார்கள். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் கையில் மஞ்சள்பையோடு வந்து, மற்ற எதையும் பார்க்காமல் "தவம்" முன்னால் போய் நின்றார். வெகுநேரம் நகரவில்லை. ரசிகை கிடைத்த மகிழ்ச்சியில் ஆவுடையப்பன் பக்கத்தில் போனார்.

"இதை எடுத்தது யாரு அண்ணாச்சி?"

"அடியேன்தான்."

"மேலெல்லாம் புகையா இருக்கு. காலு மட்டும் எப்படி இம்புட்டுத் தெளிவா இருக்கு?"

இந்த மாதிரிக் கேள்வி ஆவுடையப்பனுக்குப் பாயசம். "அது வந்து தாயி, உடம்பு ஆடிக்கிட்டே இருந்திருக்கு. ஆடுனா கலங்கிரும். கால் ஆடலை. வருசக்கணக்கா அதே இடத்துல, ஒரு நூல் கூட விலகாம..."

அங்கே அவர் வாய் நின்றுவிட்டது. மருத்துவமனையில் துள்ளும் பிள்ளைகளை எக்ஸ்ரே எடுக்கும்போது காலின்மேல் மணல்பை வைத்து, துணியால் இழுத்துக் கட்டிவிட்டுத்தான் எடுப்பார். கட்டின இடம் மட்டும் தெளிவாக வரும். தன் கையால் எத்தனை கால்களைக் கட்டியவர். உயிருள்ள கால் ஒன்று தானாக அப்படி இருக்காது என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

"கட்டிப் போட்டிருக்காக" என்று சண்முகவடிவு அவர் வாக்கியத்தை முடித்துவைத்தார்.

மண்டபத்தில் மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. யாரோ ஓட்டைவடை கேட்டுச் சண்டை போட்டார்கள்.

"என் தம்பி குத்தாலிங்கம் அங்கதான் இருந்தான்" என்றார் சண்முகவடிவு. "அப்பா போனதுக்கப்புறம் வீட்டுல வச்சுப் பாக்க முடியல. நான் கட்டிக்கிட்டுப் போன வீடு அப்படி. கொண்டுபோய் விட்டேன். பாக்க வராதீங்க, சொந்தக்காரங்களப் பாத்தா மூர்க்கம் கூடும்னு சொன்னாக. போன் போட்டுக் கேட்டா, நல்லா இருக்காரு, தோப்புல திரியுதாரு, செடிக்குத் தண்ணி ஊத்துதாருன்னு சொல்லுவாக. கடைசில காய்ச்சல்ல போயிட்டான்னாக. அவன் தோப்புல திரிஞ்சான்ங்கிறத நம்பித்தான் அண்ணாச்சி நான் இம்புட்டு வருசமும் சோறு தின்னேன்."

சண்முகவடிவு மஞ்சள்பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

"அந்தக் கட்டடத்த இடிக்கப் போறாகளாம். அதுக்கு முன்னால நீங்க எல்லாச் சுவரையும் எடுக்கணும். அவன் விழக்கூடாது. நடந்தவங்க விழமாட்டாகன்னு வாசல்ல எழுதிப் போட்டிருக்கீகள்லா? எனக்கு வெறுஞ்சுவர் வேணும்."

ஆயுள் முழுக்கக் கூர்மைக்காக அலைந்த மனிதரிடம் முதல்முறையாக ஒருத்தி எதுவும் விழாத படத்தைக் கேட்டாள். அவர் ஆணியிலிருந்து "தவம்" படத்தைக் கழற்றினார். ஞானதுரை ஓடிவந்தார்.

"என்ன ஆவுடையப்பன், விருது வாங்குன படம்லா?"

அவர் விஷயத்தைச் சொன்னார். ஞானதுரை கண்ணாடியைத் துடைத்தார். ஒருமுறை படத்தைப் பார்த்தார். "வேணும்னா தலைப்ப மாத்திரலாமே" என்றார்.

"கால இறுக்கிக் கட்டுனவனுக்கும் ஒரு விருது குடுத்துருவமா அண்ணாச்சி? கூர்மைக்கு அவன்தான காரணம்?"

ஞானதுரை அந்த மாதம் முழுவதும் அவரோடு பேசவில்லை.

அடுத்த வாரமே ஒரு காலைப்பொழுதில் ஆவுடையப்பனும் சண்முகவடிவும் வாடகைக் காரில் அருட்சுனைக்குப் போனார்கள். தம்பியை எப்படி அடையாளம் காண்பது என்று வழியில் கேட்டார்.

"சின்னதுல நாவல் மரத்துலேர்ந்து விழுந்தான். நாட்டு வைத்தியன் கட்டுனது கோணலாக் கூடிருச்சு. இடது முழங்கை வெளிய துருத்திக்கிட்டு, கெண்டிக்கு மூக்கு வச்ச மாதிரி இருக்கும். கெண்டின்னுதான் கூப்பிடுவோம். கூப்பிட்டா சிரிப்பான். கோவமே வராது அவனுக்கு."

சிறிது தூரம் போனதும் தானாகவே மறுபடி பேசினார்.

"சொன்னாச் சொன்ன பேச்சு கேப்பான். விட்டுட்டு வாரப்ப அழுவானோன்னு நினைச்சேன். அழல. இங்கயே இரு, அக்கா வந்துருதேன்னு சொன்னேன். சரிக்கான்னான்."

முதல் கூடத்தில் ஆவுடையப்பன் கேமராவை நிறுத்துவதற்கு முன் சுவரைக் கையால் தடவினார். போன தடவை வந்தபோது பார்க்காதது இப்போது தட்டுப்பட்டது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரும்பு வளையம். அதன்மேலும் வெள்ளையடித்திருந்தார்கள். பக்கத்தில் இன்னொன்று. சுவர் நெடுக, மாட்டுத்தொழுவத்தைப் போல.

படங்கள் விழுந்தன. வரிசையாக மனிதப் புகை. ஒவ்வொரு புகைக்கும் அடியில் ஒரு கல் கணுக்கால். சில இடங்களில் ஒரே வளையத்தில் அடுத்தடுத்துக் கட்டப்பட்டவர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தார்கள். பல பேருக்குச் சேர்த்து ஒரே கால் போலிருந்தது. கூர்மை என்றால் அப்படியொரு கூர்மை. தொட்டால் விரல் அறுந்துவிடும். ஆவுடையப்பன் நெஞ்சுக்குள், இவ்வளவு காலம் அவரைச் சந்தோஷமாக வைத்திருந்த ஏதோ ஒன்று, எழுந்து வெளியே போய்விட்டது.

சண்முகவடிவு திரைக்கு அருகே குனிந்து ஒவ்வொரு புகையிலும் முழங்கையைத் தேடினார்.

"இவன் இல்ல... இவன் இல்ல... இது யாரு பெத்த பிள்ளையோ, இவனும் இல்ல."

அடுத்த கூடம். அதற்கடுத்தது. தனியறைகள், சாப்பாட்டுக் கொட்டகை, குளியலறையின் வெளிச்சுவர். உள்ளே சுவர் ஒன்று பாக்கியில்லை, ஒவ்வொன்றிலும் யாரோ இருந்தார்கள். கெண்டிக் கை எங்கேயும் இல்லை.

கடைசி அறையிலிருந்து வெளியே வந்தபோது சண்முகவடிவின் முகம் பத்து வயது குறைந்திருந்தது. தோப்பில் துண்டை விரித்து, மஞ்சள்பையிலிருந்து புளியோதரைப் பொட்டலத்தை எடுத்தார்.

"தோப்புலதான் திரிஞ்சிருக்கான். பொய் சொல்லல அவுக." ஒரு தென்னையைத் தட்டிக்கொடுத்தார். "இதுக்கும் தண்ணி ஊத்தியிருப்பான். வாங்க அண்ணாச்சி, சாப்பிடுவோம்."

"நீங்க எடுத்து வைங்க தாயி. வாசல் பக்கம் வெளிச்சம் நல்லா இருக்கு, ஒரே ஒரு படம் எடுத்துட்டு வந்துருதேன்."

எந்தக் கழுதைப் பழக்கமும் ஒரு நாளில் போய்விடாது. வாசலில், கேட்டை ஒட்டி, ஆள் உட்காருகிற மாதிரி ஒரு படிக்கட்டு. அதன் பின்னால் முகப்புச் சுவர். எதிரே சாலை, சாலைக்கு அந்தப்பக்கம் பேருந்து நிறுத்தம். கேமராவை வைத்தார். பொத்தானை அமுக்கினார். திரையைப் பார்த்தார்.

படிக்கட்டில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். புகை இல்லை, கலங்கல் இல்லை. உச்சிமுடியிலிருந்து உள்ளங்கால் வரை ஒரே தெளிவு. இடது முழங்கை வெளியே துருத்தியிருந்தது. வலது கையை நெற்றிக்கு மேலே கூரையாக வைத்து, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு இலேசாகப் பிரிந்திருந்தது.

ஆவுடையப்பன் போய்ச் சுவரின் அடியைத் தடவினார். படியைத் தடவினார். வளையம் இல்லை. ஆணி அடித்த தடம்கூட இல்லை. யாரும் இவனைக் கட்டவில்லை. கட்டியிருந்தால் திமிறியிருப்பான், கலங்கியிருப்பான். உலகத்தில் இருக்கிற கேமராக்கள் எல்லாம் சேர்ந்தும் இப்படி ஒரு கூர்மையைப் பிடித்திருக்காது. அவர் எக்ஸ்ரே அறையில் அவ்வளவு கச்சிதமாகப் படம் விழுந்தவர்கள் ஒரே வகையினர்தான்: அசையாதீங்க என்று சொன்னதை முழுக்க நம்பி, விடுங்க என்று சொல்லும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்கள்.

இங்கே யாரும் விடுங்க என்று சொல்லவில்லை.

"அண்ணாச்சி, அதுல என்ன விழுந்திருக்கு?"

சண்முகவடிவு பொட்டலத்தைக் கையில் ஏந்தியபடி பின்னால் வந்துகொண்டிருந்தார். ஆவுடையப்பன் திரையை அணைத்தார். கொசுவை யானையாக்கிப் பழகிய வாய். இருப்பதை இல்லையென்று சொல்ல அதற்குப் பழக்கமில்லை; ஆனாலும் சொல்லிற்று.

"ஒண்ணுமில்ல தாயி. வெறுஞ்சுவர்."

சண்முகவடிவு அந்தப் படிக்கட்டைப் பார்த்தார். "இந்த இடத்துலதான் அவன விட்டுட்டுப் போனேன். இந்தப் படத்தையே பெருசாப் போட்டுக் குடுங்க அண்ணாச்சி. வீட்டுல மாட்டுதேன். நான் அந்தப் பக்கம் போனதும் எந்திரிச்சுத் தோப்புக்குப் போயிருக்கான்லா, அது போதும் எனக்கு."

ஆவுடையப்பன் தலையாட்டினார்.

சுவர்க்கேமராவில் எடுத்த படத்தில் ஒரு புள்ளியைக்கூட அழிக்க முடியாது; கோர்ட்டுக்குப் போகிற சமாச்சாரம் ஆகிவிட்டதால் அப்படிப் பூட்டியிருந்தார்கள். ஆகவே நிஜமாகவே ஒன்றும் விழாத ஒரு சுவர் வேண்டும். அருட்சுனையில் அப்படி ஒன்று கிடையாது. இருந்திருந்தாலும் இடித்துவிட்டார்கள். அவர் தெருவில் தேடினார். பள்ளிவாசல் பக்கத்துச் சுவரில் பழக்கடைக்காரர் விழுந்தார். காம்பவுண்டுச் சுவரில் காவலாளி தூங்கினார். கோயில் மதிலில் பிச்சைக்காரர்கள் நெருக்கியடித்தார்கள். வீட்டுக்கு வந்தார். கூடத்தில் அவர். படுக்கையறையில் அவர். முன்வாசலில், கால்மேல் கால் போட்டு, அவர். இவ்வளவு நேரம் உட்கார்ந்தா இருந்தோம் என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது.

மிச்சமிருந்தது அடுப்படி. உலகம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைப் படம் பிடித்தார்.

வெறுஞ்சுவர். கழுவித் துடைத்தது போல ஒரு சுவர்.

பெரிய பாரம் இறங்கியது அவருக்கு. அதையே பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு, சண்முகவடிவின் வீட்டுக்கு அனுப்பினார். அந்த அம்மாள் போனில் கூப்பிட்டார். சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பதாகச் சொன்னார். "என் தம்பி ஒரு நிமிசம் உக்காரலை பாத்தீகளா? எம்புட்டு சந்தோசமாத் திரிஞ்சிருக்கான்" என்றார். குரலில் அப்படியொரு நிம்மதி.

"ஆமா தாயி" என்றார் ஆவுடையப்பன்.

அச்சிட்டதில் ஒரு பிரதி கூடத்து மேசையில் கிடந்தது. சாயங்காலம் காபி கொண்டுவந்த உலகம்மாள் அதைப் பார்த்தார்.

"இது எந்த ஊரு பாழுங்கட்டடம்?"

அவர் பதில் சொல்வதற்குள் உலகம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படத்தை எடுத்தார். ஓரத்தில் ஓர் ஆணி தெரிந்தது.

"இது நான் அரிவட்டிக் கூடை மாட்ட அடிச்ச ஆணிதான? நம்ம அடுப்படியா?"

"ஆமா."

உலகம்மாள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். படத்தை வெளிச்சத்துக்குக் காட்டினார். திருப்பிப் பார்த்தார். அவர் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இறங்கிய நாளிலிருந்து வெந்துகொண்டிருந்த சுவர் அது.

"நான் எங்க?" என்று கேட்டார்.

ஆவுடையப்பன் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தார். அதைப் பிடித்து மனைவி பக்கமாக இழுத்துப் போட்டார்.

"கொஞ்சம் உக்காரு உலகு" என்றார்.

உள்ளே பால் பொங்குகிற சத்தம் கேட்டது. அவர் சொல்லி முடித்தபோது அங்கே யாரும் இல்லை.